தூக்கிக்கொண்டு ஓடியவள்

விடுதியின் அடித்தளத்தில் இருந்தது சலவைக்கூடம். அங்கே படுக்கை விரிப்புகளை மடிப்பது இரண்டு பேர் வேலை. ஒரு பக்கம் பெரியவள் பிடித்தால் மறுபக்கம் நெட்டையன் பிடிப்பான். உதறி, நெருங்கி வந்து முனைகளைச் சேர்த்து, மறுபடி விலக வேண்டும். வருஷக்கணக்கில் இப்படி மடித்ததில் அவனுக்கு அவள் கூடப்பிறக்காத தங்கை ஆகியிருந்தாள்.

அன்று அவள் உதறிய உதறலில் விரிப்பு அவன் கையைவிட்டு நழுவியது.

"யார் மேல இவ்வளவு கோவம்?"

"என் தங்கச்சி என்னைக் கொன்னுட்டா."

தங்கை, அதாவது சின்னவள், இளைஞர்களுக்காக எழுதிய முதல் நாவல் வெளியாகியிருந்தது. அம்மா இறந்து, அப்பா வேறு குடும்பம் தேடிக்கொண்ட பிறகு அவளை வளர்த்து ஆளாக்கியது அக்காதான். படிப்பை நிறுத்திவிட்டு இந்த நீராவிக்குள் வந்து நின்றபோது பெரியவளுக்கே யாராவது தலைவாரிவிட வேண்டிய வயசு.

நாவலை அவள் சாப்பாட்டு இடைவேளைகளில் படித்தாள். முதல் அத்தியாயத்திலேயே நாயகியின் அக்கா விபத்தில் செத்துப்போகிறாள். அதைக்கூடப் பல்லைக் கடித்துக்கொண்டு தாண்டிவிட்டாள். அப்புறம் பூனைக்கண் பையன் ஒருவன் வந்தான். நாயகிக்குக் காய்ச்சலில் வலிப்பு வந்தபோது, கொட்டும் மழையில் அவளை முதுகில் சுமந்து, செருப்பு அறுந்தும் நிற்காமல் மருத்துவமனைக்கு ஓடினான். சிக்குப் பிடித்த அவள் கூந்தலை வெட்டவிடாமல் பொறுமையாகப் பிரித்தெடுத்தான்.

நிஜத்தில் செருப்பு அறுந்தது பெரியவளுக்கு. கண்ணாடிச் சில்லு கிழித்த தழும்பு இன்னும் குதிகாலில் இருக்கிறது.

"அப்போ அந்தப் பையன் நீயா?" என்றான் நெட்டையன்.

"நானேதான். பூனைக்கண் மட்டும் என்னுது இல்ல."

சிரிக்கப் போனவன் அவள் முகத்தைப் பார்த்துவிட்டு அடக்கிக்கொண்டான்.

அந்த வாரமே நூலகத்தில் வாசகர் சந்திப்பு. பள்ளிச் சீருடையில் இருந்த ஒரு பெண் எழுந்து, "அந்தப் பையன் நிஜமாவே இருக்கானா?" என்று கேட்டாள். கூட்டம் கிளுக்கென்று சிரித்தது.

"இல்லம்மா. முழுக்க முழுக்கக் கற்பனை," என்றாள் சின்னவள்.

கடைசி வரிசையில் ஒரு நாற்காலி தரையைக் கீறியது. பெரியவள் வெளியேறிவிட்டாள். நிகழ்ச்சி முடிந்ததும் சின்னவள் ஓடிவந்து நூலகப் படிக்கட்டில் அவளைப் பிடித்தாள்.

"அக்கா, கதைதானே அது."

"நான் செஞ்சதை எல்லாம் எவனோ ஒருத்தனுக்குத் தூக்கிக் குடுத்துட்டு, கதையாம்."

"நீ செஞ்சா அது கடமைன்னுட்டுப் போயிடுவாங்க. அவன் செஞ்சாத்தான் அன்புன்னு படிப்பாங்க. நான் என்ன பண்றது?"

"நீயும் அப்படித்தான் நினைக்கிறியா?"

சின்னவள் தலைகுனிந்தாள். பிறகு அவளுக்கும் கோபம் வந்தது. "நீ இருந்தா கதையில எதுவுமே நடக்காதுக்கா. எல்லாத்தையும் நீயே முன்னாடி போய் தடுத்துடுவ. உன் தங்கச்சியாவே இருந்து இருந்து எனக்கு அலுத்துப்போச்சு."

"அதை எழுதியிருக்கணும்டி. அலுத்துப்போச்சுன்னு எழுதியிருந்தா, எனக்கு வலிச்சாலும் உன்னை மதிச்சிருப்பேன்."

பெரியவள் போட்ட சத்தத்தில் தெருவில் போனவர்கள் நின்று பார்த்தார்கள்.

அக்காவோடு இருந்த வீட்டை விட்டு, சின்னவள் தோழிகளோடு வேறு அறைக்குப் போய்விட்டாள். பெரியவள் தடுக்கவில்லை.

"பாவம், சின்னப் பொண்ணு. நீயே ஒரு வார்த்தை பேசேன்," என்றான் நெட்டையன்.

"அவதான் பாவம்னா அவகூடப் போய் மடி."

அதற்கப்புறம் அவன் அந்தப் பேச்சை எடுக்கவில்லை.

மழைக்காலம் முடிந்து ஒரு விடுமுறை நாளில் சின்னவள் தொலைபேசியில் கூப்பிட்டாள். புதிதாக எழுதுகிறாளாம். அக்கா தங்கை கதை, பையனே கிடையாது. படிக்கட்டுச் சண்டையை வாசித்துக் காட்டினாள்.

"நான் அழுததா எழுதியிருக்க. நான் எங்கடி அழுதேன்?"

"கண்ணு சிவந்திருந்துச்சேக்கா."

"அது கோவம். மாத்து."

"மாத்திடறேன்."

"எனக்கு இன்னும் ஆறல, தெரிஞ்சுக்கோ."

"தெரியும்க்கா."



"சரி, மேல படி," என்றாள் பெரியவள்.