உங்கள் நாட்டில் இந்த மரணம் கிடைக்காது

எங்கள் நிகழ்ச்சியை உலகத்தின் எந்த மூலையிலிருந்தும் கேட்கலாம் என்று அந்த நிறுவனம் விளம்பரம் செய்தது. பொய் இல்லை. நோர்வேயில் கேட்கலாம், சிட்னியில் கேட்கலாம், கனடாவில் பனி வழித்துக்கொண்டே கேட்கலாம். நெல்லியடியில் மட்டும் கேட்க முடியாது. நாங்கள் அதை நெல்லியடியில் இருந்துதான் செய்துகொண்டிருந்தோம்.

என்ன நிகழ்ச்சி என்று முதலில் சொல்லிவிடுகிறேன், சிரிக்க வேண்டாம். நாங்கள் சாவு வாசிப்போம். காலையில் பத்து நிமிடம், இலங்கையின் வடக்கே எங்கள் வடமராட்சியிலும் அதற்கு அப்பாலும் யார் யார் காலமானார்கள், யாருடைய அன்புக் கணவர், யாருடைய பாசமிகு தாயார், இறுதிக் கிரியை எத்தனை மணிக்கு, எந்த மயானம், கிறிஸ்தவர் என்றால் எந்தச் சேமக்காலை. முடிவில் எப்போதும் ஒரே வசனம்: "இவ்வறிவித்தலை உற்றார், உறவினர், நண்பர்கள் அனைவரும் ஏற்றுக்கொள்ளவும்." பதிவுசெய்து இணையத்தில் ஏற்றுவது தம்பி. வாசிப்பது நான். சின்ன வயதிலிருந்து மெதடிஸ்த ஆலயத்தில் வேதபாடம் வாசித்துப் பழகியவள், பகலில் பள்ளிக்கூடத்தில் கணக்குப் படிப்பிக்கிறவள். இரண்டும் சேர்ந்தால் சாவுக்குப் பொருத்தமான குரல் வரும் என்பது தம்பியின் கண்டுபிடிப்பு.

இதையெல்லாம் பொட்காஸ்ட் என்று சொல்லலாமா என்று படித்த நண்பர்கள் சிலர் மூக்கைச் சுளித்தார்கள். அவர்களுடைய பொட்காஸ்ட்டில் இரண்டு பேர் இருந்துகொண்டு ஒருவரை ஒருவர் புகழ்வார்கள். எங்களுடையதில் புகழப்படுகிறவர் பதில் சொல்லமாட்டார், வேறு வித்தியாசம் இல்லை. திறந்த பொட்காஸ்ட்டின் எதிர்காலம் என்னவாகும் என்று மண்டபம் எடுத்துக் கூட்டம் வைத்து யோசிக்கிறார்களாம். வடமராட்சியில் வந்து கேட்டிருந்தால் தேத்தண்ணியும் கொடுத்துச் சொல்லியிருப்பேன்.

ஏனென்றால் எங்கள் நிகழ்ச்சி திறந்து கிடந்தது. இணையத்தில் ஒரு விலாசம், அவ்வளவுதான். எந்தச் செயலியிலும், எவ்வளவு பழைய தொலைபேசியிலும் இழுத்துக் கேட்கலாம். பெயர் பதியத் தேவையில்லை, கடவுச்சொல் இல்லை. கொடிகாமம் சந்தையில் வெங்காயம் நிறுத்துக்கொண்டே கேட்டார்கள். மினிபஸ்ஸில் பாட்டை நிறுத்திவிட்டுப் போட்டார்கள். யார் கேட்கிறார்கள் என்று எங்களுக்குத் தெரியாது. தெரியவேண்டிய அவசியமும் இருக்கவில்லை.

ஒருவர் கேட்பது மட்டும் தெரியும். அவர் எங்கள் சித்தப்பா, அப்பாவின் ஒரே தம்பி.

அப்பாவும் சித்தப்பாவும் பங்குக் கிணறு ஒன்றுக்காகப் பருத்தித்துறை நீதிமன்றம் வரை போனவர்கள். வழக்கு எப்போதோ முடிந்தது, கிணறும் தூர்ந்துபோனது, கோபம் மட்டும் ஊறிக்கொண்டே இருந்தது. சித்தப்பா வட்டுக்கோட்டையில் பெண் எடுத்து, அங்கேயே வீட்டோடு இருந்து, எங்கள் மெதடிஸ்த ஆலயத்தை விட்டு அமெரிக்க மிஷன் கோயிலுக்குப் போகத் தொடங்கினார். அப்பாவைக் கேட்டால் கிணற்றை மன்னித்தாலும் அதை மன்னிக்க முடியாது என்பார். இருவரும் ஒரு சொல் கதைத்து எத்தனையோ வருடம். அழைப்பும் இல்லை, நல்லது கெட்டதும் இல்லை.

ஆனால் செத்தவீட்டுக்கு அழைப்புத் தேவையில்லை. அறிவித்தல் காதில் விழுந்தால் போகவேண்டியதுதான். நான் காலையில் வாசிப்பேன், பின்னேரம் சித்தப்பா இரண்டு பஸ் மாறி வந்து நிற்பார். பந்தலின் அந்தக் கரையில் அவர், இந்தக் கரையில் அப்பா. இருவரும் ஒருவரை ஒருவர் பார்க்காத மாதிரி முழு நேரமும் பார்த்துக்கொண்டிருப்பார்கள். வீட்டுக்கு வந்ததும் அப்பா அம்மாவிடம் சொல்வார்:

"உவனும் வந்தவன். நல்லா மெலிஞ்சுபோனான். போட்டிருந்த சேட்டுக்கூட ஒழுங்கா அயன் பண்ணேல்லை."

ஒருமுறை நான் வாசித்த அறிவித்தலில் இறந்தவரின் தம்பி பெயரை வீட்டுக்காரர் வேண்டுமென்றே விட்டுவிட்டார்கள். அப்பா அதைக் கேட்டுவிட்டுச் சாப்பாட்டுக் கோப்பையைத் தள்ளி வைத்தார். "என்ரை அறிவித்தலிலை உவன்ரை பேரை விட்டிடாதை," என்றார். எனக்குச் சிரிப்பு வந்தது. ஏன், பாசமோ என்று கேட்டேன். "பாசமும் மண்ணும். விட்டா ஊர் சிரிக்கும்," என்றார்.

இந்த நிலையில்தான் நிறுவனம் வந்தது. வந்தது என்றால் சூமில் வந்தது. கண்ணாடி போட்ட ஒரு பெண், பின்னால் செடி, தமிழ் நன்றாகத்தான் வரும், ஆனால் மூன்று சொல்லுக்கு ஒரு தடவை ஓய்வெடுக்க ஆங்கிலத்துக்குப் போய்விடுவார். எங்கள் கன்டென்ட் மிகவும் ஆதென்டிக் என்றார். புலம்பெயர்ந்த தமிழருக்கான புதிய தளத்தில் நாங்கள் எக்ஸ்குளுசிவ் ஆக வரவேண்டும் என்றார். தம்பி தலையாட்டத் தொடங்கியவன் நிறுத்தவே இல்லை. அவன் எட்டாம் வகுப்பிலிருந்து வெளிநாட்டுக்காரர் யாராவது தன்னைக் கண்டுபிடிப்பார்கள் என்று காத்திருந்தவன்.

"எக்ஸ்குளுசிவ் எண்டா என்ன?" என்று நான் கேட்டேன். தெரியாமல் இல்லை, அவர் வாயால் கேட்க ஆசைப்பட்டேன்.

"எங்கட அப்பில மட்டும்தான் கேக்கலாம், வேற எங்கயும் இருக்காது," என்றார் அவர், பரிசு கொடுக்கிறவர் மாதிரி. பழைய விலாசத்தை மூடிவிடவேண்டும். நான் வாசிக்கும் எந்த அறிவித்தலையும் ரேடியோவுக்கோ வேறெவருக்கோ கொடுக்கக்கூடாது. சந்தா கட்டுகிறவர்களில் மேல் வகுப்புக்காரருக்கு ஒரு விசேஷ வசதி இருக்கும். மற்றவர்களுக்கு ஆறு மணித்தியாலம் முந்தியே கேட்கலாம்.

"ஆள் சாகிறதுக்கு முந்தியோ?" என்று கேட்டேன்.

செடிக்காரி சிரித்தார். நான் பகிடி விடுகிறேன் என்று நினைத்திருப்பார். பத்து நிமிடத்துக்குள் மூன்று விளம்பரம் வரும் என்றும், தொடக்கத்தில் கொஞ்சம் துடிப்பான இசை இருந்தால் நல்லது என்றும் சொன்னார். துடிப்பான இசைக்கு மட்டும் நான் சம்மதிக்கவில்லை. மற்றதெல்லாவற்றுக்கும் தம்பி கையெழுத்து வைத்தான். பெரிய மைக் ஒன்று பெட்டியில் வந்து இறங்கியது. அதன் தலையில் பஞ்சுத் தொப்பி. அம்மா அதை முன்னறையில் நத்தார்ப் பண்டிகைக்கு மரம் வைக்கிற இடத்தில் வைத்தாள்.

பழைய விலாசத்தில் நேயர்களுக்கு ஒரு வார்த்தை சொல்லிவிட்டு மூடுவோம் என்றேன். அதெல்லாம் தங்களுடைய தொடர்பாடல் பிரிவு பார்த்துக்கொள்ளும் என்றது நிறுவனம். தொடர்பாடல் பிரிவு தன் முகப்புத்தகப் பக்கத்தில் எங்கள் படத்தைப் போட்டு, வாணவேடிக்கையும் போட்டு, 'வந்துவிட்டார்கள்' என்று எழுதியது. கொடிகாமத்திலும் வட்டுக்கோட்டையிலும் எங்கள் நிகழ்ச்சி ஒரு காலையில் சத்தமில்லாமல் நின்றுபோனது.

முதல் நாள் தம்பி புதிய செயலியைத் தன் தொலைபேசியில் இறக்கப் பார்த்தான். 'உங்கள் நாட்டில் இந்தச் சேவை தற்போது கிடைக்காது' என்று வந்தது. நிறுவனத்திடம் கேட்டோம். இலங்கையில் சந்தா கட்டும் ஆட்கள் போதாது, அதனால் இலங்கை அடுத்த கட்டத்தில்தான் வரும் என்றார்கள். சாவுகளை அனுப்புகிற நாடு, கேட்கிற நாடுகளின் பட்டியலில் இல்லை. தம்பி எதையோ பூட்டி, எதையோ திறந்து, தன் தொலைபேசி கனடாவில் இருப்பதாகப் பொய் சொல்ல வைத்தான். அப்படித்தான் நாங்கள் நெல்லியடிச் சந்தைக்குப் பின் ஒழுங்கையில் நடந்த சாவை, ரொறன்ரோக்காரராக வேஷம் போட்டு, எங்கள் வீட்டு விறாந்தையில் இருந்து கேட்டோம். இடையில் பனிச் சப்பாத்துக்கு விளம்பரம் வந்தது.

அப்பாவுக்கு வேறு கவலை. செத்தவீடுகளுக்குப் போய்வந்தார், ஆனால் திரும்பி வந்தால் முகம் சரியில்லை.

"உவனைக் காணேல்லை," என்றார் ஒருநாள். அடுத்த செத்தவீட்டுக்குப் பிறகும் அதையே சொன்னார். பிறகு சொல்வதை விட்டுவிட்டார். "ஆரிட்டையும் விசாரிக்கட்டோ?" என்று அம்மா கேட்டதற்கு, "நானேன் விசாரிக்க? உயிரோடை இருந்தா வருவான்தானே," என்றார். சித்தப்பா நிகழ்ச்சி கேட்டுத்தான் வருகிறவர், அந்த நிகழ்ச்சியே அவருக்குக் கேட்காது என்பது எங்கள் ஒருவர் மண்டையிலும் ஏறவில்லை. நிகழ்ச்சி எங்கும் கேட்கிறது என்று நாங்களே நம்பத் தொடங்கியிருந்தோம்.

அதே மழைக்காலத்தில் அப்பா இறந்தார். காலையில் முகம் கழுவப் போனவர் வீட்டுக் கிணற்றடியில் குந்திவிட்டார், எழும்பவில்லை.

ரேடியோவுக்குக் கொடுப்போமா என்று மாமா ஒருவர் கேட்டார். தம்பி ஒப்பந்தத்தை வேதபுத்தகம் மாதிரி நம்பினவன். "எங்களிட்டையே இருக்குது, பிறகேன் ரேடியோ," என்றான். வட்டுக்கோட்டைக்கு யார் போய்ச் சொல்வது என்ற கேள்வியும் வந்தது. சித்தப்பாவின் இலக்கம் ஒருவரிடமும் இல்லை. போனால் வாசல் படலையில் வைத்துத் திருப்பி அனுப்பிவிடுவாரோ என்ற பயமும் இருந்தது. அம்மாதான் முடிவு சொன்னாள்.

"அவர் தவறாமல் கேக்கிறவர். கேட்டிட்டு வரட்டும். பேரைப் போட்டு வாசி, அது காணும்."

போட்டு வாசித்தேன். பஞ்சுத் தொப்பி மைக்குக்கு முன்னால் இருந்து, என் அப்பாவின் மரணத்தைக் குரல் நடுங்காமல் வாசித்தேன். மேல் வகுப்புச் சந்தாக்காரர் ஆறு மணித்தியாலம் முந்தியே கேட்டார்கள். இதயப் படங்களும் மெழுகுதிரிப் படங்களும் வந்து குவிந்தன. சேமக்காலைக்கு ஊர்ச்சனம் வந்தது. கொடிகாமத்துக் கூட்டுறவுச் சங்கக்கடையில் அப்பா வேலை பார்த்த காலத்தில் பழகியவர்கள் ஒருவர்கூட வரவில்லை. சித்தப்பாவும் வரவில்லை. கல்நெஞ்சன் என்றார்கள் சொந்தக்காரர். கிணற்றை நினைத்துக்கொண்டு கூடப்பிறந்தவனின் குழிக்கு மண் போட வராதவன் என்றார்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன், மனம் எரிந்தது.

ஓரிரு கிழமை கழித்து நிறுவனத்திலிருந்து மின்னஞ்சல் வந்தது. வாணவேடிக்கைப் படத்தோடு. எங்கள் தந்தையின் அத்தியாயம் அந்த மாதம் அதிகம் கேட்கப்பட்டதாம், வாழ்த்துகளாம். இதே போன்ற தனிப்பட்ட கதைகளை மேலும் எதிர்பார்க்கிறார்களாம். இனி எங்கள் வீட்டில் மிஞ்சியிருப்பது அம்மாதான், கொஞ்சம் பொறுங்கள் என்று பதில் எழுதினேன். தம்பி அதை அனுப்பவிடவில்லை.

பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஆராதனை முடிந்து வீட்டுக்கு வந்து சீலை மாற்றுவதற்குள் படலையடியில் யாரோ இருமினார்கள். எட்டிப் பார்த்தேன். சித்தப்பா. கையில் பழைய தொலைபேசி. வெளியிலேயே நின்றார். இத்தனை நாள் கழித்து எதற்கு வந்திருக்கிறார் என்ற ஆத்திரத்தோடுதான் முற்றத்தில் இறங்கினேன்.

"உங்கடை அறிவித்தல் ஏன் பிள்ளை இப்ப வாறேல்லை?" என்று கேட்டார். தொலைபேசியை என் பக்கம் நீட்டினார். அதில் எங்கள் பழைய விலாசம், கடைசியாக வந்த பழைய அறிவித்தல். "கன நாளா ஒண்டும் வரேல்லை. முதல் நினைச்சன், ஒருத்தரும் சாகேல்லையாக்கும் எண்டு. பிறகு உங்கை ஆருக்கும் சுகமில்லையோ எண்டு யோசினையாப் போச்சு."

நான் தொலைபேசியை வாங்கிப் பார்த்துத் திருப்பிக் கொடுத்தேன்.

அவர் என்னைப் பார்க்காமல் படலைக் கொளுக்கியைப் பார்த்துக்கொண்டு கேட்டார்: "கொப்பர் சுகமா இருக்கிறாரோ?"

உலகத்துக்கெல்லாம் அறிவித்தவள் நான். அந்த இடத்தில் பார்த்து வாசிக்க ஒரு தாளும் இல்லை. "அப்பா போயிட்டார், சித்தப்பா," என்றேன். எப்போது, எப்படி என்று சொன்னேன். நிகழ்ச்சி ஏன் நின்றது, எங்கே போனது என்றும் சொன்னேன். அவருக்கு எவ்வளவு விளங்கியதோ தெரியாது. படலையின் மேல் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"அறிவித்தல் நீயோ வாசிச்சனி?"

"ஓம்."

"எல்லாருக்கும் கேட்டதோ?"

"வெளியிலை எல்லாருக்கும் கேட்டது."

தொலைபேசியைச் சேட்டுப் பைக்குள் வைத்தார். பிறகு, "வாசி, கேப்பம்," என்றார்.

பாடமாகவே இருந்தது. முற்றத்தில் நின்றபடி தொடங்கினேன். பிறந்த இடம், வசித்த இடம், பெற்றோர், மனைவி, பிள்ளைகள். மைக்குக்கு முன்னால் நடுங்காத குரல் இப்போது நடுங்கியது. வட்டுக்கோட்டையைச் சேர்ந்த இன்னாரின் பாசமிகு சகோதரரும் என்று அவருடைய பெயரைச் சொன்னதும் கையை உயர்த்தினார்.

"அதை இன்னொருக்காச் சொல்லு."

சொன்னேன்.

"ஆர் போடச் சொன்னது?"

"அப்பாதான். விடப்பிடாதெண்டு முந்தியே சொல்லி வைச்சவர்."

"அண்ணை சொன்னவரோ," என்றார். அந்தச் சொல்லை அவர் வாயில் நான் அதுவரை கேட்டதில்லை.

அன்று மத்தியானமே தம்பி மைக்கைப் பெட்டிக்குள் வைத்துக் கட்டினான். பழைய விலாசத்தைத் திறந்தான். ஒப்பந்தத்தை மீறிவிட்டோம் என்று செடிக்காரி இப்போதும் எழுதிக்கொண்டிருக்கிறார். முதல் அறிவித்தலாக அப்பாவுடையதையே மறுபடி வாசித்தேன், அனைவரும் ஏற்றுக்கொள்ளவும் என்று முடித்தேன். காலம் தாழ்த்திக் கொடிகாமத்திலிருந்து சனம் வந்தது.

ஆனால் அதெல்லாம் பிறகு. அப்போது சித்தப்பா படலைக் கொளுக்கியைத் தானே கழற்றி, அத்தனை வருடத்துக்குப் பிறகு எங்கள் முற்றத்துக்குள் கால் வைத்தார். அப்போதுதான் கவனித்தேன். சேட்டு மடிப்புக் கலையாமல் அயன் பண்ணியிருந்தது.