ஏலக்கார ஏழுமலை ராப் நட்சத்திரம் ஆன கதை

கல்யாண வீடியோ எடுக்கிறவனுக்குப் புகழைப் பற்றித் தெரிந்த அளவுக்கு வேறு யாருக்கும் தெரியாது. விளக்கை யார் முகத்தில் அடித்தாலும் அவர் உடனே தலையை வாரிக்கொள்வார். தோளில் கேமராவும் இடுப்பில் பேட்டரியுமாகக் கடைசிப் பந்தியில் ரசம் மட்டும் சாப்பிட்டுப் பழகிய சகோதரர்களே, தொண்ணூறுகளின் நடுவில் திருவண்ணாமலையில் நான் பட்டதைக் கேளுங்கள்.

தாலி கட்டும்போது ராப்

அப்போதுதான் சினிமாப் பாட்டில் ராப் புகுந்திருந்தது. ராகம் வேண்டாம், வேகமாகப் பேசினால் போதும் என்று ஆனதில், பாட வராதவர்களுக்கெல்லாம் ஏகப்பட்ட சந்தோஷம். அடி அண்ணாமலை கிராமத்தில் ஒரு கல்யாணம் எடுத்தேன். தாலி கட்டும் இடத்தில் நாதஸ்வரத்தை எடுத்துவிட்டு ராப் போடச் சொன்னார் பெண்ணின் அப்பா. போட்டேன். ஐயரின் வாயசைப்பும் பாட்டும் கச்சிதமாகப் பொருந்தியதுதான் எனக்குப் பயமாக இருந்தது. ஏங்க இப்படி என்று கேட்டதற்கு அவர் சொன்னார்: “மேளச் சத்தம் எல்லார் கல்யாணத்துலயும்தாங்க இருக்குது. நம்மளுது கொஞ்சம் இங்கிலீஷா இருக்கட்டும்னுதான்.”

சைக்கிள் செயின்

அந்த எரிச்சலில் இருந்தபோது எங்கள் ஊர்க் கேபிள் டிவிக்காரர் சலீம் பாய், தீபாவளிக்கு அரைமணி நேரச் சிரிப்புப் படம் ஒன்று கேட்டார். கதை தயாராக இருந்தது. ஒரு கேசட் கம்பெனி முதலாளி, பாடவே தெரியாத ஒருவனைப் பிடித்து, கருப்புக் கண்ணாடி மாட்டி, கூலிக்கு ஆள் வைத்துக் கத்தவிட்டு, ராப் நட்சத்திரம் ஆக்குகிறார். கடைசியில் மேடையில் டேப் நின்றுபோய்க் குட்டு உடைகிறது.

நட்சத்திரமாக நடிக்க ஏழுமலையைப் பிடித்தேன். எங்கள் பக்கத்தில் மணிலாக்கொட்டை என்று சொல்லும் வேர்க்கடலைக்கு மண்டியில் ஏலம் விடுகிறவன். மூச்சு விடாமல் பேசுவான். அவன் விடும் ஏலத்திலேயே நடுநடுவே ‘பேபி’, ‘கமான்’ என்று சேர்த்ததும் பாட்டு ஆகிவிட்டது. வெள்ளிச் சங்கிலிக்கு வழியில்லாததால், சைக்கிள் செயினை மண்ணெண்ணெயில் கழுவிக் கழுத்தில் போட்டுவிட்டேன். சாப்பாடு கொண்டுவந்த அவன் மனைவி செல்வி அவனை ஏற இறங்கப் பார்த்துவிட்டு என் பக்கம் திரும்பினாள்: “மாட்டறதுக்கு உங்களுக்கு வேற ஒண்ணுமே கெடைக்கலியா? இந்தக் கறை போவாதுண்ணா. சட்டையை நீங்களே தொவைச்சுக் குடுங்க.”

வாய் திறக்காத நிபுணர்

நட்சத்திரத்தைப் புகழ ஒரு வெளிநாட்டு இசை நிபுணர் தேவைப்பட்டார். செங்கம் ரோட்டில் அறை வாடகைக்கு விடும் நண்பர் தன் வீட்டிலிருந்த வெள்ளைக்காரரை அழைத்துவந்தார். வசனத்தைச் சொல்லிக் கொடுத்தால், மனுஷர் சிரித்தபடி உதட்டின்மேல் விரலை வைத்தார். மௌன விரதமாம். வேறு ஆள் இல்லை. ஏழுமலை பாட, அவர் கண்ணை மூடி உட்கார்ந்திருப்பதையே எடுத்தேன். பார்த்தவர்கள் பாட்டில் சொக்கிப்போய்விட்டார் என்றே நினைத்தார்கள். நண்பரிடம், இவரையா கூட்டிவந்தாய் என்று கத்தினேன். அவர் சொன்னார்: “விரதம் முடியட்டும் சார், ரொம்ப நல்லா பேசுவாரு.”

கத்தக் கூலி

ரசிகர் கூட்டத்துக்குக் கடலை பிடுங்கும் பெண்களை அழைத்துவந்தோம். “நம்ம ஏழுமலைக்கா கத்தணும்?” என்று அவர்களுக்கு ஒரே சிரிப்பு. கேமராவைத் திருப்பியதும் சிரிப்பு போய்விட்டது. மலையே அதிர்கிற மாதிரி கத்தினார்கள். அந்த வழியாக வந்த டவுன் பஸ் நின்றது. ஜனங்கள் இறங்கி ஓடிவந்து ஏழுமலையின் கையைப் பிடித்துக் குலுக்கினார்கள். ஒருவர் தன் குழந்தையை அவன் கையில் கொடுத்துப் பெயர் வைக்கச் சொன்னார். நான் அவரைத் தனியே இழுத்து, இவர் யாரென்று தெரியுமா என்றேன். “தெரியாதுங்க. ஆனா இவ்ளோ பேரு கத்துறாங்கன்னா, தெரியாதது என் தப்புதானே?”

வெட்டிய முடிவு

தீபாவளியன்று படம் ஓடியது. தெருத்தெருவாக நடந்து கேட்டேன். ஒரு வீட்டிலும் சிரிப்புச் சத்தமே இல்லை. பாட்டை மட்டும் எல்லாரும் கூடவே பாடிக்கொண்டிருந்தார்கள். அதைவிடக் கொடுமை, குட்டு உடைகிற முடிவையே காணோம்! நட்சத்திரம் கையசைப்பதோடு படம் முடிந்து, நகைக்கடை விளம்பரம் வந்தது. சலீம் பாயிடம் ஓடினேன். மனுஷர் எனக்கே ஆறுதல் சொன்னார்: “பாட்டு சூப்பரா இருக்குது. அப்புறம் அவன் டுபாக்கூர்னு சொல்லி, நல்ல நாளும் அதுவுமா ஏன் ஜனங்க மனசை நோவடிக்கணும்?”

வேறு ஒருவன் முகம்

ஏழுமலை கருப்புக் கண்ணாடியைக் கழற்றவே இல்லை. பக்கத்து ஊரான வேங்கிக்காலில் ஒரு பேக்கரியைத் திறந்துவைத்தான். பௌர்ணமி கிரிவலத்துக்கு வந்திருந்த சென்னைக் கேசட் கம்பெனி ஆள் ஒருவர், சலீம் பாய் தினமும் போட்டுக்கொண்டிருந்த பாட்டை லாட்ஜ் டிவியில் பார்த்துவிட்டுக் கையோடு அழைத்தார். மண்டி வேலையை விட்டுவிட்டுக் கிளம்பினான். செல்வி எவ்வளவோ தடுத்துப் பார்த்தாள். பஸ் ஏற்றிவிட மாலையோடு ஒரு கூட்டமே போனது.

சென்னையில் குரலை எடுத்துக்கொண்டு, போட்டோ அப்புறம் என்று அனுப்பிவிட்டார்கள். புதுப் பாட்டோடு கேசட் வந்தது. அட்டையில் சுருட்டை முடியும் சிவந்த நிறமுமாக யாரோ ஒரு பையன். ஊர் முழுக்க அந்தப் பாட்டுதான். கோபுரத் தெரு டீக்கடையில் அது ஓடும்போது ஏழுமலை, “இது என் குரல்” என்றான். எல்லாரும் அட்டைப் படத்தைக் காட்டிச் சிரித்தார்கள். நான் சாட்சி சொன்னேன். என்னையும் பார்த்துச் சிரித்தார்கள். அவன் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, அங்கேயே நின்று, வரிக்கு வரி பாடிக்காட்டினான். கழுத்து நரம்பு புடைத்தது, கண் கலங்கியது. டீ ஆற்றியபடியே கேட்ட கடைக்காரர் தீர்ப்பு சொன்னார்: “பரவால்லண்ணா, நல்லாதான் பண்றே. ஆனா அவரு மாதிரி வரல.”

முழுப் படம்

மறுநாள் அவனும் செல்வியும் என் ஸ்டூடியோவுக்கு வந்தார்கள். வெட்டாத படத்தைப் போடச் சொன்னான். போட்டேன். திரையில் கூட்டம் கத்தியது, வெள்ளைக்காரர் கண்ணை மூடினார், டேப் நின்றது. மேடையில் நட்சத்திரம் வாயை மட்டும் அசைத்துக்கொண்டு நின்றான். ஏழுமலை முதலில் உம்மென்று இருந்தான். பிறகு குலுங்கிக் குலுங்கிச் சிரிக்க ஆரம்பித்தான். “அந்த லூசைப் பாருங்கண்ணா, நெஜம்னே நம்பிட்டான்!” என்று சொல்லிவிட்டு முகத்தைத் துண்டால் மூடிக்கொண்டான். அது சிரிப்புதானா என்று நான் கேட்கவில்லை. செல்வி அவன் முதுகில் கை வைத்தபடி இருந்தாள்.

நல்லவேளை, மண்டிக்காரர் அவனைத் திரும்பவும் சேர்த்துக்கொண்டார். நான் செல்வியிடம், இந்த முடிவோடு படத்தை மறுபடி ஒளிபரப்பச் சொல்லட்டுமா, ஊருக்கு உண்மை தெரியட்டும் என்றேன். அவள் பதறிப்போனாள்: “வேணாண்ணா! இன்னா நடிப்புன்னு எவனாவது சொல்லுவான், இவரு மறுபடியும் பஸ் ஏறிடுவாரு.”

எங்கள் ஊரில் சிரிப்பதற்காக ஒரு பொய்யைச் சொன்னாலும், கும்பிட நாலு பேர் கற்பூரத்தோடு வந்துவிடுகிறார்கள்.