தனிப் புரதத்தின் நிறை

கருவியில் என் குழாய்களைப் போட எட்டு மாதம் காத்திருந்து கிடைத்த முறை அது. ஒரு புரதத்தை ஒரு சிறு மூலக்கூறு பிடித்துக்கொள்கிறதா என்று பார்ப்பதுதான் என் ஆராய்ச்சி. அதைப் பார்க்கும் திணிவு நிறமாலைமானி கொழும்பில் இருக்கிறது. பெயர்தான் பெரிது, செய்வது தராசு வேலை. முதலில் புரதத்தைத் தனியே நிறுக்கும். பிறகு மூலக்கூறைக் கலந்து நிறுக்கும். மூலக்கூறின் நிறையளவுக்குப் புரதம் கூடியிருந்தால், பிடித்திருக்கிறது. அவ்வளவுதான். அந்த அவ்வளவுக்காக ஆறு வருடம் போய்விட்டது. பட்டப் பதிவை இரண்டு தடவை நீடித்தவர்கள், மூன்றாம் தடவை இல்லையென்று கடிதம் போட்டிருந்தார்கள். புரதமும் ஒரு சின்னக் குழாய்தான் மிச்சம்.

முறை விழுந்ததோ ஹஜ்ஜுப் பெருநாளின் மூன்றாம் நாள். பெருநாளுக்கு முதல் நாள் உம்மா அரைத்த மருதோன்றியோடு வந்து நின்றார்.

"வேணா உம்மா, வேலை இரிக்கி."

"பெருநாளைக்கும் வெறுங்கையோட திரியப்போறியா? பொம்புளப் புள்ள மாதிரி இரி. கையத் தா."

கொடுத்தேன். வாதாடத் தெம்பில்லை. பத்து விரல் நுனியிலும் தடிப்பாக அப்பிவிட்டார்.

பெருநாளுக்கு மறுநாள் ஆய்வுகூடத்தில் நான் மட்டும். கையுறைப் பெட்டியைத் திறந்தால் வெறும் பெட்டி. எங்கள் கல்முனையில் ஒரு கடையும் திறந்திருக்கவில்லை. சோப்புப் போட்டு மூன்று தரம் கையைக் கழுவினேன். வடிகட்டியின் சவ்வை வெறும் விரலால் பிடித்துப் பொருத்தி, புரதத்தை வடித்து, இரண்டு குழாய்களில் பிரித்தேன். ஒன்றில் மட்டும் மூலக்கூறைக் கலந்தேன். பிறகு பஸ் ஏறினேன்.

கொழும்பில் முதற்குழாயைப் போட்டார்கள். தனிப் புரதத்துக்கு ஒரே நிறை என்பதால் திரையில் ஒரு முனைதான் வரவேண்டும். இரண்டு வந்தது.

"இதில் ஏற்கெனவே ஏதோ ஒட்டியிருக்கிறதே?" என்றார் கருவியை இயக்கியவர்.

அந்த இரண்டாம் முனையைக் காட்டப் போன என் விரல், செக்கச் செவேலென்று திரையில் நின்றது. யா அல்லாஹ்! மருதோன்றியின் சாயமும் ஒரு சிறு மூலக்கூறுதான். தோலிலுள்ள புரதத்தைப் பிடித்துக்கொள்வதால்தான் கை சிவக்கிறது. இதை வருடா வருடம் முதலாம் ஆண்டுப் பிள்ளைகளுக்குப் படிப்பிப்பவளும் நானேதான். கூடியிருந்த நிறையைக் கணக்குப் பார்த்தேன். அச்சொட்டாக அதுதான்.

இரண்டாம் குழாயின் புரதத்திலும் மருதோன்றிதான் ஒட்டியிருந்தது, நான் கலந்த மூலக்கூறு ஒட்டவில்லை. அது பிடிக்கவே பிடிக்காதா, அல்லது இடத்தை மருதோன்றி பிடித்துக்கொண்டதால் நுழையவில்லையா, தெரியாது. தெரிந்துகொள்ளப் புரதமும் இல்லை, நாளும் இல்லை. அழுகை வரவில்லை. எங்கேயாவது படுத்துக்கொண்டால் போதும் என்றிருந்தது.

வீட்டுக்கு வந்ததும் உம்மா கேட்டார். "சரிவந்திச்சா மகள்?"

அவர் முகத்தைப் பார்த்தேன். நடந்ததைச் சொன்னால் சாகும்வரைக்கும் தன்னையே குற்றம் சொல்லிக்கொண்டிருப்பார்.

"மிஷின் பழுது உம்மா."

"அடி அல்லாஹ்! புள்ளய இவ்வளவு தூரம் அலைக்கழிச்சிப்போட்டு பழுதெண்டு சொல்றானுகளா? வெக்கமில்லாததுகள்!"

அசர் தொழுதுவிட்டு, பாயிலிருந்தபடியே இரண்டு கையையும் ஏந்தி, அந்த மிஷின் சீக்கிரம் திருந்தவேணும் என்று உம்மா சத்தமாகத் துஆக் கேட்டார்.

நான் ஆமீன் சொன்னேன்.