மோட்டார் படகுக்குப் போட்ட பூஜை

பரமத்தி வேலூரில் எங்கள் வாழைத்தோட்டம் ஆற்றுக்கு அக்கரையில் இருக்கிறது. மேட்டூரில் தண்ணீர் திறந்ததும், கோடை முழுக்கச் சும்மா கிடந்த மோட்டார் படகை என் கணவர் கழுவி, ஆயில் மாற்றி, பொட்டு வைத்து, லாரிக்குக் கட்டுவது போல முன்னால் எலுமிச்சம்பழமும் கட்டினார்.

இருவரும் தோட்டத்துக்குக் கிளம்பினோம். பாதி ஆற்றில் என் பாதம் நனைந்தது.

"ஏனுங்க, உள்ள தண்ணி வருதுங்க!"

"கழுவுன தண்ணிதான் அம்முணி, சும்மா உக்காரு."

கணுக்கால் முங்கியதும்தான் அவர் முகம் மாறியது. கழுவிய தண்ணீர் வடிவதற்காகக் கழற்றிய, படகின் அடி ஓட்டையை அடைக்கும் மூடிக்கும் பொட்டு வைத்து, பூஜை அறையிலேயே மறந்துவிட்டாராம்!

எலுமிச்சம்பழத்தைப் பிடுங்கி ஓட்டையில் திணித்து, கரை சேரும்வரை குதிகாலால் மிதித்துக்கொண்டே வந்தேன்.

"பாத்தியா, பூஜை கைவிடல!" என்கிறார் மனிதர்.

இப்போதெல்லாம் மூடியை நானே திருகிய பிறகுதான் தேங்காய் உடைக்க விடுகிறேன். எலுமிச்சம்பழம் மட்டும் இரண்டாகக் கட்டச் சொல்லியிருக்கிறேன்.