ஈயம் தின்ற தூக்கம்

நண்பர்கள் அவனுக்கு வைத்த பெயர் தூங்குமூஞ்சி. பஸ்ஸில் கம்பியைப் பிடித்து நின்றபடியே குறட்டை விடுவான். கல்யாணத்தன்று படம் எடுக்கும்போதே கண்ணயர்ந்து மனைவியின் தோளில் சாய்ந்துவிட்டான். அந்தப் படத்தை அவள் யாருக்கும் காட்டுவதில்லை.

பழைய பேட்டரிகளை உடைக்கும் பட்டறையில் வேலைக்குச் சேர்ந்த பிறகு அந்தத் தூக்கம் கொஞ்சம் கொஞ்சமாகக் கழன்றுகொண்டது. பெட்டியை உடைத்து, ஈயத் தகடுகளை உருவி, உருக்கி, அச்சில் ஊற்றுவது அவன் வேலை. சாயங்காலம் சட்டையெல்லாம் சாம்பல் நிறத்தில் பொடி படிந்திருக்கும். வீட்டு வாசலில் நிற்கும்போதே மகள் ஓடிவந்து கழுத்தைக் கட்டிக்கொள்வாள். பட்டறைத் தூசியோடே அவளைத் தூக்கிக்கொள்வான்.

படுத்தால் கால் குடையும், தலை கனக்கும், புரண்டு புரண்டே விடிந்துவிடும். பகலில் எரிச்சல் எரிச்சலாக வரும். ஒருநாள் சவரக் கடையில் கன்னத்தில் கத்தி இருக்கும்போதே தலை சரிந்தது.

"அண்ணே, தூங்குறதா இருந்தா வீட்டுல தூங்குங்க. காது போயிடும்" என்றார் கடைக்காரர்.

"வீட்டுல தூக்கம் வந்தா இங்க ஏன் தூங்குறேன்?"

ஏதோ கவலையை மறைக்கிறான் என்று மனைவி நினைத்தாள். ஆனால் மகளும் ராத்திரியில் எழுந்து எழுந்து உட்கார ஆரம்பித்தாள். வகுப்பில் மேசை மேல் தலையைச் சாய்த்துக்கொள்கிறாள், எழுப்பினால் எரிந்து விழுகிறாள் என்று டீச்சர் சொன்னார். கூடவே வயிற்று வலி. டாக்டரம்மாவிடம் கூட்டிப் போனார்கள்.

அவர் குழந்தையைப் பார்த்துவிட்டு, சாம்பல் பொடி அப்பியிருந்த அவனுடைய விரல் நகங்களைக் கவனித்தார். "நீங்க என்ன வேலை பண்றீங்க?"

அவன் சொன்னதும் அவனுக்கும் மகளுக்கும் ரத்தப் பரிசோதனை எழுதிக் கொடுத்தார். இரண்டு பேர் ரத்தத்திலும் ஈயம் அதிகமாக இருந்தது.

"தூக்கம் கெடுறதுக்கு ஆயிரம் காரணம் இருக்கலாம். ஈயமும் அதுல ஒண்ணு. நரம்பை, மூளையைத் தொந்தரவு பண்ணும். குழந்தைங்களுக்கு இன்னும் சீக்கிரம் ஏறும்."

"எனக்கு இருந்துட்டுப் போகட்டும், டாக்டர். இவளுக்கு எப்படி?"

"உங்க சட்டையில இருந்துதான் வந்திருக்கும்."

அவன் மகளை மடியிலிருந்து இறக்கி நாற்காலியில் உட்கார வைத்தான். வெளியே வந்தும் அவளைத் தொடவில்லை. மனைவிதான் அவன் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு நேரே பட்டறைக்குப் போனாள்.

"கை கால் கழுவக் குழாய் வேணும், உடுப்பு மாத்த ஒரு ரூம் வேணும், முதலாளி. குழந்தைக்கு ரத்தத்துல ஏறிடுச்சு."

முதலாளி சிரித்தார். "நான் இத்தனை வருஷமா இந்தப் புகையிலதான் கிடக்கேன். எனக்கு என்னம்மா ஆச்சு?"

"நல்லா தூங்குறீங்களா?"

"உழைக்கிறவனுக்கு எங்கம்மா தூக்கம்..." என்று ஆரம்பித்தவர் பாதியிலேயே நிறுத்தினார். அவர் முகத்திலிருந்த சிரிப்பு மெல்ல வடிந்தது.

மறுவாரம் அவரும் பரிசோதனைக்குப் போனார். அவருடைய அளவுதான் எல்லோரையும் விட அதிகம். குழாய் வந்தது, அறை வந்தது, நல்ல முகமூடியும் புகைபோக்கியும் வந்தன. அவனை உருக்கும் வேலையிலிருந்து எடுத்து, புதிய பேட்டரிகளை வண்டியில் கொண்டுபோய்க் கொடுக்கும் வேலைக்குப் போட்டார்கள். வீட்டில் தூசி கிளம்பாமலிருக்க, துடைப்பத்தால் பெருக்குவதை விட்டு ஈரத்துணியால் தரையைத் துடைத்தாள் மனைவி. படுக்கை விரிப்பெல்லாம் புதிது.

அடுத்தடுத்த பரிசோதனைகளில் மகளுக்கு அளவு இறங்கியது. அவனுக்கு அவ்வளவு சுலபமாக இல்லை. எலும்பில் தங்கியது மெதுவாகத்தான் கழியும் என்று டாக்டரம்மா சொல்லிவிட்டார். பாதித் தூக்கம்தான் வருகிறது.

ஆனால் இப்போது மகள் ராத்திரி முழுக்கத் தூங்குகிறாள்; காலையில் பள்ளிக்கு எழுப்பினால் போர்வையை இழுத்து மூடிக்கொள்கிறாள்.

"நீங்களே எழுப்புங்க. என்னால ஆகல" என்கிறாள் மனைவி.

அவன் பக்கத்தில் போய் உட்காருகிறான். இன்னும் கொஞ்ச நேரம் போகட்டும் என்று சைகை காட்டுகிறான்.