அழுத முகத்துக்கு ஒரு போட்டோ

எங்கள் வீட்டில் சிரித்த முகத்தைப் போட்டோ எடுப்பது சுலபமாக முடிந்துவிட்டது. அழுத முகத்துக்குத்தான் அலைய வேண்டியிருந்தது.

என் மகளுக்கு ஏழு வயது. ஆட்டிசம் என்று டாக்டர் சொன்ன நாளிலிருந்து நாங்கள் அந்த வார்த்தையோடு குடும்பம் நடத்துகிறோம். தண்ணி, பஸ், போதும் என்று சில சொற்கள்தான் அவளுக்கு வரும். போன வருசம் காதுவலி வந்தபோது அதைச் சொல்லத் தெரியாமல் சுவரில் தலையை முட்டிக்கொண்டாள். நாங்கள் பிடிவாதம் என்று நினைத்தோம். தலையணையில் சீழ் வடிந்த பிறகுதான் விசயம் தெரிந்தது. அன்றிலிருந்து எனக்கு ஒரே வேண்டுதல். வலித்தால் அதை அவள் எப்படியாவது எனக்குச் சொல்லிவிட வேண்டும்.

கோவில்பட்டி பயிற்சி மையத்து டீச்சர் டேப்லெட்டில் ஒரு விளையாட்டைப் போட்டுத் தந்தது அதற்காகத்தான். திரையில் ஒரு முகம் வரும். கீழே சந்தோசம், கோபம், வருத்தம் என்று கலர் கலராகப் பொத்தான்கள். சரியாகத் தொட்டால் பலூன் பறக்கும், தப்பென்றால் டொய்ங் என்று சத்தம் வரும். கொஞ்சம் பழகியதும் இன்னொரு பக்கம் இருக்கிறது. அதில் தனக்கு எப்படி இருக்கிறதோ அந்த முகத்தை அவளே தொட வேண்டும். டேப்லெட் அவளுக்காகப் பேசும். அதற்குக் குரல் கொடுத்தது நான். வலித்தால் வருத்த முகத்தைத் தொடுவாள் என்றார் டீச்சர். கார்ட்டூன் மூஞ்சிகளை அவள் ஏறிட்டும் பார்க்கவில்லை. அதனால் வீட்டு ஆட்களின் போட்டோவைப் போடலாம் என்றார்.

சந்தோசத்துக்கு நான் நின்றேன். ஒரே தடவையில் சிரிப்பு வந்துவிட்டது. கோபத்துக்கு என் வீட்டுக்காரர். தீப்பெட்டி ஆபீஸில் லோடு வேன் ஓட்டுகிறவர், கேமராவைப் பார்த்தால் ஆதார் கார்டுக்கு நிற்கிற மாதிரி நிற்பார். அவர் தங்கச்சிக்குச் செய்த சீரைப் பற்றி மெல்ல ஒரு வார்த்தை விட்டேன். அருமையான கோபம் கிடைத்தது.

வருத்தத்துக்கும் நானே உட்கார்ந்து மூஞ்சியைச் சுருக்கினேன். அவர் போனைக் கீழே வைத்துவிட்டார்.

"விளக்கு வைக்கிற நேரத்துல சும்மா உக்காந்து அழுத மூஞ்சிய போட்டோ பிடிப்பியா? வீட்டுக்கு ஆகாதுட்டி."

காலையில் எடுக்கலாம் என்றேன். காலையில் மட்டும் ஆகுமா என்றார். கடைசியில் அவரே ஒரு வழி கண்டுபிடித்தார். கல்யாண ஆல்பத்தில் நான் அழுகிற படம் ஒன்று இருக்கிறது. கல்யாணத்தில் பொண்ணு அழுதால் யாரும் ஆகாது என்று சொல்ல மாட்டார்கள். அதைப் போனில் பிடித்து வருத்தத்துக்குப் போட்டோம். மாலையும் கழுத்துமாக, மூக்கு சிவந்து, நான்.

மகள் விளையாடத் தொடங்கினாள். அப்பா முகம் வந்தால் கோபம். பலூன் பறந்தது. கல்யாணப் பொண்ணு வந்தால் சந்தோசத்தைத் தொட்டாள். டொய்ங். என் சிரித்த முகம் வந்தால் வருத்தத்தைத் தொட்டாள். டொய்ங். தினமும் இதே கதை. எனக்கு எரிச்சலாக வந்தது. டீச்சரிடம் கேட்டால், திட்டாமல் திரும்பத் திரும்பக் காட்டுங்கள், பழகிவிடும் என்பார். அங்கே இருக்கும்வரை புரிந்த மாதிரி இருக்கும். எங்கள் ஊர் இடைசெவலுக்குப் பஸ் ஏறியதும் மறுபடி குழம்பிவிடும்.

அந்தக் கல்யாணப் படத்தை நானும் எடுத்து எடுத்துப் பார்த்தேன். அன்று நான் அழுதது ஓமப் புகையாலா, அம்மாவை விட்டுப் போகிற துக்கத்தாலா என்று எனக்கே நிச்சயமில்லை. உள்ளுக்குள் கொஞ்சம் சந்தோசமும் இருந்தது. அப்படியென்றால் அவள் சொன்னது தப்பா, டொய்ங் சொன்னது தப்பா? சரி, அதை விடுவோம். சிரித்த படத்தில் என்ன குறை? கண்ணாடி முன் நின்று அதே மாதிரி சிரித்துப் பார்த்தேன். நல்லாத்தான் இருந்தது.

ஐப்பசி மழை பிடித்துக்கொண்ட சமயம், ஒரு மத்தியானம், அவளே டேப்லெட்டைத் தூக்கிக்கொண்டு அடுப்படிக்கு வந்தாள். பேசுகிற பக்கத்தைத் திறந்து என் சிரித்த முகத்தைத் தொட்டாள்.

"எனக்கு சந்தோசமா இருக்கு," என்றது என் குரல்.

எனக்கு மனசு பூரித்துப் போயிற்று. கரண்டியைப் போட்டுவிட்டுக் குனிந்தேன். மறுபடி தொட்டாள். எனக்கு சந்தோசமா இருக்கு. மறுபடியும். அப்போதுதான் அவளுடைய இடது கை காதைப் பொத்திக்கொண்டிருந்ததைப் பார்த்தேன். கண்ணில் நீர் முட்டி நின்றது. பக்கத்திலேயே கல்யாணப் பொண்ணு அழுதுகொண்டிருந்தாள். அவளை இவள் தொடவே இல்லை.

ஊசி போடும்போதும், முடி வெட்டும்போதும், காது குத்தும்போதும், அவள் கன்னத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, "ஒண்ணுமில்லட்டி, ஒண்ணுமில்ல" என்று நான் முகத்தில் வைத்துக்கொள்வது அந்தச் சிரிப்பைத்தான். வலிக்கிற நேரமெல்லாம் அவள் பார்த்த முகம் அது. அடுப்பை அணைத்தேன்.

கரிசல் சேறு செருப்பை விடாமல் இழுக்க, அவளை இடுப்பில் தூக்கிக்கொண்டு பஸ் ஸ்டாப்புக்கு நடந்தேன். போகிற வழியில் டீச்சருக்குப் போன் போட்டு நடந்ததைச் சொன்னேன்.

"அப்ப அந்தப் படத்த வருத்தத்துக்கு மாத்திருவமாக்கா?" என்றார்.

தெரியவில்லை என்றேன். மாற்றினால் நான் சந்தோசமாக இருப்பதை அவள் எந்த முகத்தில் தெரிந்துகொள்வாள்? மாற்றாவிட்டால் அவள் வலியென்று சொன்னதை நான் தப்பென்று சொன்னதாகாதா?

காது சிவந்து வீங்கியிருக்கிறது, நல்ல நேரத்தில் கூட்டி வந்தீர்கள் என்றார் டாக்டர். கருவியை எடுத்து அவள் காதருகே கொண்டுபோனார். மகள் திரும்பி என் முகத்தைப் பார்த்தாள். வழக்கம்போல இரண்டு கையாலும் அவள் கன்னத்தைப் பிடித்தேன். சிரிப்பு உதடு வரைக்கும் வந்துவிட்டது. சிரிக்கவா வேண்டாமா என்று தெரியாமல், வாயை மூடிக்கொண்டு அவளையே பார்த்துக்கொண்டு நின்றேன்.