சென்னையில் ஒரு கிராம சேவகர்

நம் இலங்கைக் கிராம சேவகர் சென்னையிலும் உண்டா?

சிரிக்காதீர்கள். போன செவ்வாய்க்கிழமை எங்கள் போர்டிங் அறையில் எழுந்த கேள்வி இது. நான் நூடுல்ஸ் அவித்துக்கொண்டிருந்தேன். ஃபோன் ஸ்பீக்கரில் கிடந்தது. கடுகண்ணாவையிலிருந்து அப்பா எனக்கு டிவி நாடகக் கதை சொல்லிக்கொண்டிருந்தார்.

"அப்புறம் அமுதவாணி என்ன செஞ்சா தெரியுமா பாப்பா? நேரா கிராம சேவகர்கிட்டப் போயிட்டா. வதிவிடச் சான்றிதழ் எடுக்கணும்ல? அவரு ஆபீஸ்ல இல்ல. ஃபீல்டுக்குப் போயிட்டாராம்."

"ஐயோ! அப்புறம்?"

"அப்புறம் என்ன... பாவம், வெயில்ல திரும்பி வந்தா. நாளைக்குப் பார்ப்போம்."

அமுதவாணி யார் என்று தெரியாதவர்களுக்கு — சென்னையில் எடுக்கும் ஒரு தமிழ் நாடகத்தின் கதாநாயகி. தூங்கி எழும்போதும் பட்டுச் சேலையில் எழுபவள். மாமியாருக்கு பங்களா, கார்கள், சதித்திட்டங்கள். அம்மா மட்டும் ஏழை, இப்போது ஆஸ்பத்திரியில். இதுதான் கதை. மிச்சமெல்லாம் வயலின்.

என் அறைத்தோழி துஷ்யந்தி யாழ்ப்பாணம். கட்டிலில் படுத்துப் புத்தகம் வாசித்துக்கொண்டிருந்தவள் தலையை நிமிர்த்தி என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வைக்குப் பிறகு வருகிறேன்.

முதலில் உங்கள் கேள்விக்குப் பதில். 'கம்பஸ் பிள்ளையாச்சே, அண்மையில் என்ன வாசித்தாய், என்ன பார்த்தாய் என்று ஒருநாளாவது எழுதக்கூடாதா' என்று வாசக அக்கா ஒருவர் செல்லமாகத் திட்டியிருந்தார். நியாயம்தானே? வாராவாரம் இந்தப் பத்தியில் பருப்புக் கறியைப் பற்றியும் பேராதனைச் சந்தி டிராஃபிக்கைப் பற்றியுமே எழுதினால் யார்தான் பொறுப்பார்கள்?

வாசித்தது: கலங்கரை விளக்கம் ஒன்றில் தனியாக வேலை செய்யும் பெண்ணைப் பற்றி ஒரு மொழிபெயர்ப்பு நாவல். லைப்ரரியில் எடுத்தேன். முதல் ஐம்பது பக்கம் வெறும் காற்றும் மழையும்தான். அதற்குப் பிறகு கீழே வைக்க முடியவில்லை. லெக்சரில் மேசைக்குக் கீழே வைத்து வாசித்தேன் — சேர் இந்தப் பத்தியை வாசிப்பதில்லை என்ற தைரியத்தில் எழுதுகிறேன். ஆனால் முடிவை நான் வாசிப்பதற்குள் துஷ்யந்தி சொல்லிவிட்டாள். அவள் எந்தப் புத்தகத்தை எடுத்தாலும் கடைசிப் பக்கத்தைத்தான் முதலில் புரட்டுவாள். "முடிவு தெரிஞ்சாத்தானடி நிம்மதியா வாசிக்கலாம்" என்பது அவள் சித்தாந்தம். எனக்கோ முடிவு தெரிந்தால் சோறு இறங்காது.

பார்த்தது: லப்டொப்பில் ஒரு பேய்ப் படம். பேயைவிட வைஃபைதான் அதிகம் பயமுறுத்தியது. பேய் கதவைத் திறக்கும் நேரம் பார்த்துப் படம் நின்றுவிடும். அது வட்டமாய்ச் சுற்றிக்கொண்டிருக்க, நாங்கள் இருவரும் ஒரே போர்வைக்குள்... மீண்டும் படம் ஓடும்போது பேய் போயிருக்கும். இப்படி ஒரு பேயையே பார்க்காமல் பேய்ப் படம் பார்த்தவர்கள் கண்டியில் நாங்கள் மட்டும்தான்.

டிவி?

டிவி நான் பார்ப்பதில்லை. கேட்கிறேன். அதற்கு ஒரு கதை இருக்கிறது.

முதலாம் வருடத்தில் அம்மாதான் தினமும் மாலையில் ஃபோன் எடுப்பார். நலமா, சாப்பிட்டாயா எல்லாம் அரை நிமிடத்தில் முடிந்துவிடும். பிறகு அமுதவாணி. நான் கேட்டாலும் கேட்காவிட்டாலும் அன்றைய கதை முழுவதும் வரும். பின்னணியில் அப்பாவின் குரல் — "படிக்கிற புள்ளைகிட்ட இதையா சொல்லுவ?"

போன வருடம் அம்மா போய்விட்டார். திடீரென்று.

எல்லாம் முடிந்து நான் போர்டிங்குக்குத் திரும்ப மறுத்தேன். கடுகண்ணாவை என்ன, கூப்பிடு தூரம்தானே, தினமும் பஸ்ஸில் போய் வருகிறேன் என்றேன். அப்பா விடவில்லை. "அம்மா பார்த்துத் தந்த எடம். இருந்து படி" என்று பையைத் தூக்கிக்கொண்டு வந்து விட்டுவிட்டுப் போனார். வீதியோரத்தில் டயர் கடை வைத்திருக்கிறார் அப்பா. மலை ஏறி வரும் லொறிகளுக்குப் பஞ்சர் ஒட்டுகிற மனிதர். பேச்சு குறைவு. என்னோடு அவர் பேசியதெல்லாம் 'ம்', 'சரி', 'கவனம்' — இந்த மூன்றுக்குள் அடங்கும்.

அன்று மாலை ஃபோன் அடித்தது. திரையில் 'அம்மா' என்றிருந்தது.

அம்மாவின் ஃபோனிலிருந்து அப்பா. எடுத்தேன். தொண்டையைச் செருமும் சத்தம். பிறகு...

"பாப்பா... அந்த அமுதவாணி இருக்காள்ல... அவ புருஷன் வீட்ட விட்டுப் போயிட்டான்."

"ஏனாம்?" என்றேன்.

"தெரியல. நாளைக்குச் சொல்லுவாங்க போல."

மறுநாளும் அடித்தார். அதற்கு மறுநாளும். திங்கள் முதல் வெள்ளி வரை, நாடகம் முடிந்த கையோடு. இப்படித்தான் நானும் அப்பாவும் பேசத் தொடங்கினோம். எங்களுக்குள் வேறு பேச்சு கிடையாது. அம்மாவைப் பற்றிப் பேச இருவருக்கும் வாய் வராது. அமுதவாணியைப் பற்றி என்றால் அரை மணித்தியாலம் போகும். அவளும் இல்லையென்றால் எங்கள் வீட்டில் இரண்டு பேர் இருந்தும் சத்தமே இருக்காது என்பது எனக்கு நன்றாகத் தெரியும்.

சரி, இப்போது துஷ்யந்தியின் பார்வைக்கு வருவோம்.

அப்பா ஃபோனை வைத்ததும் அவள் எழும்பி உட்கார்ந்தாள்.

"உன்ர அப்பா எந்த நாடகத்தைச் சொல்லுறார்?"

"அமுதவாணியத்தான். ஏன்?"

"அது முடிஞ்சு ஒரு மாசத்துக்கு மேலயடி! அம்மா சொன்னவா. கடைசி நாள் எல்லாரும் நிரையா நிண்டு கை காட்டினவையாம். எப்பிடி முடிஞ்சதெண்டு சொல்லட்டே?"

"வேணாம்! வாயத் தொறந்த... கொன்னுருவேன்!"

நூடுல்ஸ் கரியும் மணம். அடுப்பை அணைத்துவிட்டு அப்படியே நின்றேன். பிறகுதான் ஒவ்வொன்றாக ஞாபகம் வந்தது.

கொஞ்ச நாளைக்கு முன் அமுதவாணியின் மாமியார் காலைச் சாப்பாட்டுக்குப் பாணும் பருப்பும் வைத்தாள். சென்னைப் பங்களாவில், எங்கள் ஊர்ப் பாண் ரொட்டி! போன வாரம் நாத்தனாரின் கல்யாணத்துக்கு மாப்பிள்ளை வரப் பிந்திவிட்டது. ஏன்? கணவாயில் மண் சரிந்து பாதை மூடிவிட்டது. சென்னையில் ஏது கணவாய்? அது எங்கள் கடுகண்ணாவையில் அல்லவா இருக்கிறது? புவியியல் படிக்கிறவள் நான். எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டாமா? ஊட்டிப் பக்கம் போயிருப்பார்கள் என்று நானே காரணம் கண்டுபிடித்துக்கொண்டேன். அதற்கு முந்தைய செவ்வாய்க்கிழமை, நெற்றி நிறையக் குங்குமத்தோடு அமுதவாணி அந்தோனியார் கோயிலுக்குப் போய் மெழுகுதிரி ஏற்றினாள். ஆஸ்பத்திரியில் இருக்கும் அம்மாவுக்காக. அதைக் கேட்டு நான் கண் கலங்கியது வேறு விஷயம்.

அத்தனையும் அப்பாவின் கற்பனை! ஒரு மாதத்துக்கு மேலாக, நாள்தோறும், டயருக்குக் காற்று அடித்துக்கொண்டே யோசித்திருக்கிறார். வாழ்நாளில் ஒரு கதைப் புத்தகம் கையில் எடுக்காத மனிதர்.

முதலில் சிரிப்பு வந்தது. துஷ்யந்தியும் சேர்ந்து சிரித்தாள். பிறகு சிரிப்பு எப்படியோ அழுகையாகிவிட்டது.

ஏன் இப்படிச் செய்தார்? எனக்குத் தெரிந்துவிட்டதாக நினைத்தேன். நாடகம் முடிந்தால் ஃபோனும் முடிந்துவிடும் என்று பயந்திருக்கிறார்... அவ்வளவுதானே? கேட்டுவிடலாமா? கேட்டால் வெட்கப்படுவார். வெட்கப்பட்டால் பழையபடி 'ம்', 'சரி', 'கவனம்'. அதை நினைக்கத்தான் எனக்குப் பயமாக இருந்தது. தெரிந்த மாதிரிக் காட்டிக்கொள்வதே இல்லை என்று முடிவெடுத்தேன்.

வியாழக்கிழமை போயா, பௌர்ணமி விடுமுறை. புதன் பின்னேரமே பஸ் ஏறிவிட்டேன். வழக்கமாகச் சனிக்கிழமைகளில்தான் போவேன். அன்று நாடகம் கிடையாது. இந்த முறை நாடகம் ஓடும் நாளில் சொல்லாமல் கொள்ளாமல் போய் நின்றது என் மடத்தனம். பிலிமத்தலாவை தாண்டிய பிறகுதான் அது உறைத்தது. இறங்கித் திரும்பவா முடியும்?

என்னைக் கண்டதும் அப்பாவுக்குச் சந்தோஷம். கடையைச் சீக்கிரம் சாத்தினார். ரொட்டி சுட்டார். சம்பல் நான் இடித்தேன். எல்லாம் நன்றாகத்தான் போனது... நாடக நேரம் நெருங்கும் வரை.

அப்பா எழும்பிப் போய்க் கழுவிய பீங்கானைத் திரும்பக் கழுவினார். வாசல் லைட்டைப் போட்டார், அணைத்தார். "மழ வந்தா டிஷ் வேலை செய்யாது" என்றார். வானத்தில் நட்சத்திரம் தெரிந்தது. டிவியில் செய்தி முடிந்து விளம்பரம் ஓடிக்கொண்டிருந்தது. இன்னும் இரண்டு விளம்பரம்... அமுதவாணியின் இடத்தில் வேறு யாரோ வந்து நிற்கப் போகிறாள். அப்பாவின் முகத்தைப் பார்க்க முடியவில்லை என்னால்.

ரிமோட்டை எடுத்தேன்.

"அப்பா, தலை வலிக்குது. டிவிய நிப்பாட்டவா? கதைய நீங்க அப்புறமா சொல்லுங்களேன்."

நிறுத்திவிட்டேன். அப்பா வந்து எதிர்க் கதிரையில் உட்கார்ந்தார்.

"பாப்பா, அந்த நாடகம் முடிஞ்சிருச்சு."

"தெரியும்ப்பா."

"எப்பருந்து?"

"நேத்துலருந்து."

"கிராம சேவகர்தான் காட்டிக் கொடுத்துட்டாரா?"

இருவருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. அந்தத் தைரியத்தில் கேட்டேன். "நாடகம் முடிஞ்சா நான் பேச மாட்டேன்னு நெனச்சீங்களாப்பா? அப்படியா விட்டுருவேன் ஒங்கள?"

"சே சே, அதுக்கில்ல." தலையை ஆட்டினார். பிறகு மெல்ல — "கடைசியில அவ அம்மா செத்துப் போச்சு, பாப்பா. ஆஸ்பத்திரியிலயே. அன்னைக்கு ஒனக்கு ஃபோன் எடுத்துட்டேன். சொல்லத்தான் எடுத்தேன். வாய் வரல. ஒரு தடவ ஒனக்கு ஃபோன்ல சொன்னது போதாதா? நல்லாருக்கு, கஞ்சி குடிச்சுச்சுன்னு சொல்லிட்டேன். அப்புறம்... நிப்பாட்ட முடியல."

அம்மா போன அன்று எனக்குச் செய்தி சொன்னது அப்பாதான். நான் லைப்ரரி வாசலில் நின்றிருந்தேன். அந்த ஃபோனின் இந்தப் பக்கம் நின்றவளைப் பற்றி நான் எத்தனையோ தரம் நினைத்து அழுதிருக்கிறேன். அந்தப் பக்கம் நின்று, அந்த வார்த்தையை வாயில் எடுத்துச் சொல்ல வேண்டியிருந்த மனிதரைப் பற்றி அன்றுதான் முதல் தடவையாக நினைத்தேன்.

எழும்பிப் போய் அவர் கதிரைக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தேன். அப்பாவின் கையில் ரப்பர் மணம். அம்மாவைப் பற்றிப் பேசினோம். வெகுநேரம். அம்மா நாடகம் பார்க்கும்போது மாமியாரைத் திட்டும் திட்டுகளை அப்பா அப்படியே சொல்லிக் காட்டினார். இத்தனை நாள் எங்கே ஒளித்து வைத்திருந்தார் இந்தக் குரலை?

நாம் நினைக்கிறோம், கதை என்பது பொழுதுபோக்கு என்று. பரீட்சை கிடக்கும்போது நாவல் என்ன, படம் என்ன என்று வீட்டில் ஏசுவார்கள். உங்கள் வீட்டிலும் ஏசுவார்கள்தானே? ஆனால் நேராகச் சொல்ல முடியாத ஒன்றைச் சுற்றி வந்து சொல்ல, நம்மில் பல பேருக்கு வேறு என்ன வழி இருக்கிறது? பாசம் என்ற சொல்லை வாயெடுத்துச் சொல்லிப் பழக்கமில்லாத வீடுகள் நம்முடையவை. பாணும் பருப்பும் வைக்கிற மாமியாரைச் சொல்லத்தான் தெரியும்.

படுக்கப் போகும்போது கேட்டேன்.

"அப்பா, அந்தம்மாவுக்கு இப்ப எப்படி இருக்கு?"

"எந்தம்மா?"

"அமுதவாணி அம்மாதான்."

அப்பா என்னைப் பார்த்தார். நான் சீரியஸாகத்தான் கேட்கிறேன் என்று புரிந்ததும் தொண்டையைச் செருமினார்.

"டொக்டர் பார்த்தாரு. பரவால்லன்னாரு. ஆனா இன்னும் ரெண்டு நாள் இருக்கட்டுமாம்."

இதற்கு முடிவு என்ன என்று மட்டும் நீங்கள் என்னிடம் கேட்கக்கூடாது. துஷ்யந்திக்கே தெரியாது. முதல் தடவையாக ஒரு கதையின் கடைசிப் பக்கம் அவளிடம் இல்லை. மாலையானால் அவளும் ஸ்பீக்கருக்குப் பக்கத்தில் வந்து உட்கார்ந்துகொள்கிறாள்.

ஒன்று மட்டும் சொல்கிறேன். நேற்று அமுதவாணியின் அம்மாவுக்கு ஆஸ்பத்திரியில் டிக்கெட் வெட்டி வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். வேனில் முன் சீட்டில் உட்கார்ந்து, வழியெல்லாம் மாமியாரைத் திட்டிக்கொண்டே வந்தாராம்.